பெயர் எழுதாத எட்டாவது சுவிட்சு

போன வாரம் காசுபாவின் வீட்டில் பன்னிரண்டு முழுக் கோழிகளும் ஃப்ரீசருக்குள் அடுக்கப்பட்டு, மூடி சாத்தப்பட்டதோடு நிறுத்தியிருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ரோய்டா அத்தையின் வாய்கூட அன்றைக்கு ஒழுங்காக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லாம் கெட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவில், சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த லாமெக்கின் மனைவி காசுபா. லாமெக் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஒரே மகள் முவாபா, பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுக்குப் பேசியிருக்கும் பையன் கலும்பா, வீடுகளுக்கு வயரிங் போடுகிறவன். சனிக்கிழமை நெருப்பு காட்டும் விருந்து. பெண் வீட்டார் சமைத்துத் தலையில் சுமந்து பாடிக்கொண்டே போய் மாப்பிள்ளை முன்னால் வைக்க வேண்டும். அது முடிகிறவரை அவன் மாமியார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். மாமியார் முகத்தைப் பார்க்க மாட்டான், நேராக ஒரு வார்த்தை பேச மாட்டான். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்.

இனி காலை ஏழு மணி.

தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள் காசுபா. படுக்கையறைச் சுவரில் 'டப்' என்று ஒரு சத்தம். ஃப்ரீசரின் உறுமல் நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. ஆக, ஊருக்கு மின்சாரம் இருக்கிறது. இந்த வீட்டுக்குத்தான் இல்லை.

காசுபா மின்பெட்டியைத் திறந்து பெரிய பிரேக்கரை மேலே தள்ளினாள். விழுந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி விழுந்தது. ஐந்தாவது தடவை அதன் மேல் கோபம் வந்து கையை எடுத்துவிட்டாள்.

வாசற்படியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள் ரோய்டா. லாமெக்கின் தங்கை. பெண்ணுக்கு அத்தை. எங்கள் பக்கத்தில் அத்தை என்றால் கல்யாணத்தில் பாதி அதிகாரம் அவளுக்கு. மீதிப் பாதி லாமெக்கின் மூத்த அண்ணன் கொஸ்மஸுக்கு. அவர் வடக்கே கசாமா ஊரிலிருந்து சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, அண்ணி? இன்னிக்கு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

"மழை பேஞ்சுதுல்ல. முதல் மழை. ஏதாவது நனைஞ்சிருக்கும்."

"மழையாவது மண்ணாவது. இந்தப் பெட்டியைப் போட்டது யாரு?"

போட்டது லாமெக். ஒவ்வொரு கம்பியும் அவன் கையால் இழுத்தது.

"என் அண்ணன் வேணாங்கிறான். அவன் கையால போட்ட பெட்டி, அவன் பொண்ணோட விருந்துக்கு மொத நாள் நிக்க மாட்டேங்குது. இதுக்கு மேல அவன் எப்படிச் சொல்லுவான்? எழுந்து வந்தா சொல்லுவான்?"

முவாபா சமையலறையிலிருந்து வேகமாக வந்தாள். "அத்தை, ஒரு சுவிட்சு விழுந்ததுக்கு எங்க அப்பாவை எழுப்பாதீங்க."

"நான் எங்கடி எழுப்பறேன்? அவன்தான் எழுந்து உக்காந்திருக்கான். அந்தப் பையனை ஸ்பேனரோட துரத்தினது யாரு? நானா?"

அது உண்மை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். இருட்டிய பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் அவகாடோ மரத்தடியில் இவளும் கலும்பாவும் பேசிக்கொண்டு நின்றார்கள். லாமெக் ஒரு பெரிய ஸ்பேனரோடு வந்தான். கலும்பா ஓடினான், ஒரு செருப்பை விட்டுவிட்டு. அதற்குப் பிறகு லாமெக் அவனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த பிப்ரவரியில் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

சரி என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. காசுபாவுக்கு உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததும் அதுதான். கலும்பாவை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் புருஷன் வேண்டாம் என்றிருந்த ஒருவனுக்குத் தன் கையால் சமைத்துக் கொண்டுபோகிறோமோ என்று கோழி சுத்தம் செய்யும்போதெல்லாம் நினைத்தாள்.

"கரி அடுப்புல சமைச்சாப் போச்சு. கோழியைப் பக்கத்து வீட்டு ஃப்ரீசர்ல வெக்கலாம்" என்றாள் முவாபா.

"நான் கோழியைப் பத்தியா பேசறேன்?" ரோய்டா ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். பேசிவிட்டுத் திரும்பும்போது நடையே மாறியிருந்தது.

"பெரிய அண்ணன் சொல்லிட்டாரு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த வீட்டு விளக்கு எல்லாம் பழையபடி எரியணும். இல்லேன்னா பானையைக் கவுத்துடச் சொல்லிட்டாரு. விருந்தும் வேணாம், கல்யாணமும் வேணாம்."

ஊரில் எலக்ட்ரீஷியனுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். முதல் மழைக்கு மறுநாள் எங்கள் ஊரில் பாதி வீட்டில் இதே கதை. முவாபா நாலு பேருக்கு ஃபோன் செய்தாள். ஒருவன் திங்கள் என்றான், ஒருவன் செவ்வாய் என்றான், மற்ற இரண்டு பேரும் எடுக்கவே இல்லை. ஐந்தாவதாக, யாரையும் கேட்காமல், கலும்பாவுக்கே அடித்தாள்.

கலும்பா பத்து மணிக்கு வந்தான். கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு, கைகளைத் தட்டி மரியாதை செய்துவிட்டு, அங்கேயே நின்றான்.

"உள்ள வந்து பாரேன்" என்றாள் முவாபா, இன்றைக்கு மட்டும் முறையை விட்டு வருவான் என்ற நப்பாசையில்.

"பெட்டி எங்க இருக்கு?"

"அம்மா ரூம்ல."

கலும்பா தலையைப் பிடித்துக்கொண்டான். லாமெக் வீட்டைப் பெரிதாக்கியபோது நடைபாதையைத் தடுத்துப் படுக்கையறை ஆக்கினான். பெட்டி அறைக்குள் மாட்டிக்கொண்டது. மாமியாரின் படுக்கையறை என்றால் கேட்கவே வேண்டாம். விருந்து முடிந்தாலும், பேரன் பேத்தி பிறந்தாலும், மாப்பிள்ளை அதன் வாசலை மிதிக்க முடியாது.

ரோய்டாதான் வழி சொன்னாள். அந்த அறையின் ஜன்னல் கேட்டைப் பார்த்திருந்தது. கலும்பா ஜன்னலுக்கு வெளியே, முதுகைக் காட்டி, அவகாடோ மரத்தைப் பார்த்தபடி ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார வேண்டும். காசுபா உள்ளே பெட்டி முன்னால். நடுவில் ஜன்னலோரம் ரோய்டா. அவன் சொல்வதை இவளிடம், இவள் சொல்வதை அவனிடம். மூன்று பேருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். ஆனாலும் அப்படித்தான்.

"அத்தை, பெரிய சுவிட்சு இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க."

"அண்ணி, பெரிய சுவிட்சு எப்படி இருக்குன்னு கேக்கறான்."

"நடுவுல தொங்குது."

"நடுவுல தொங்குதாம்."

"நடுவுலேருந்து மேல தள்ளினா நிக்காது. முழுசா கீழ அமுக்கணும், கீழ 'கிளிக்'னு கேக்கணும். அதுக்கப்புறம்தான் மேல."

ரோய்டா வாய் திறப்பதற்குள் காசுபா கீழே அமுக்கிவிட்டாள். "நான் இன்னும் சொல்லவே இல்லியே, அண்ணி!" என்றாள் ரோய்டா.

மேலே தள்ளினாள். விழுந்தது.

"விழுந்துடுச்சாம்."

"அப்ப கசிவு இருக்கு. எங்கியோ மின்சாரம் மண்ணுக்குள்ள போவுது, அதான் உயிரைக் காப்பாத்த அது விழுது. நல்ல பெட்டி, அத்தை. போட்டவரு கெட்டிக்காரரு." கலும்பா மரத்தைப் பார்த்துச் சொன்னான். "பிளக்கை எல்லாம் பிடுங்கிடணும். சின்ன சுவிட்சு அத்தனையும் கீழ இறக்கணும். அப்புறம் பெரிசை மட்டும் ஏத்திப் பாக்கணும்."

முவாபா வீடு முழுக்க ஓடிப் பிளக்குகளைப் பிடுங்கினாள். காசுபா சின்ன சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பெரியதை ஏற்றினாள். நின்றது!

"இனிமே ஒண்ணொண்ணா. எது ஏறும்போது பெரிசு விழுதோ, அதான் திருடன்."

ஏழு சுவிட்சுகளின் கீழும் நீல டேப்பில் லாமெக்கின் கையெழுத்து. மற்ற வீடுகளில் சமையலறை, கூடம் என்று எழுதுவார்கள். இவன் ஆள் பெயரை எழுதுவான். முதலாவதில் 'காசுபாவின் அடுப்பு.' அதை ஏற்றினாள், பெரியது விழவில்லை. அந்த அடுப்பை வாங்கி வந்த நாளில் லாமெக் முட்டை பொரித்துக் கருக்கியது ஞாபகம் வந்தது. முட்டை கருகினாலும் வயரிங் கருகவில்லை பார் என்று பெருமை வேறு.

இரண்டு. மூன்று. நாலாவதில் 'ரோய்டாவின் சுடுதண்ணி' என்று இருந்தது. ரோய்டா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கே வந்து ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தபோது போட்டது.

"உன் பேரு இருக்கு, ரோய்டா."

ரோய்டா எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் குரலில் இருந்த முறுக்கு போயிற்று. "நான் வெந்நீர் இல்லாம குளிக்க மாட்டேன்னு அழுதேன். அடுத்த நாளே போட்டுட்டான்."

காசுபா டார்ச்சை அடுத்த சுவிட்சுக்குத் திருப்பினாள். முப்பது வருஷம் அவன் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். "காசுபா, டார்ச்சை ஆட்டாதே. நீ என்னைப் பாக்காதே, கம்பியைப் பாரு" என்பான். இப்போது டார்ச்சும் அவள் கையில், சுவிட்சும் அவள் கையில். திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. பிணம் எடுத்த மறுநாள் அவன் படத்தைக் களியைப் பசையாகத் தடவி ஒட்டியதும் இந்தப் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில்தான். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று.

ஐந்து. ஆறாவது, 'முவாபா படிக்க.' ஏழாவது ஃப்ரீசர். எல்லாம் நின்றன.

எட்டாவதன் கீழ் டேப் இல்லை. பெயரும் இல்லை. அதை ஏற்றினாள்.

'டப்.'

"எட்டு எங்க போவுதுன்னு கேளுங்க, அத்தை."

"தெரியாதுன்னு சொல்லு" என்றாள் காசுபா. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தனக்குத் தெரியாத ஒரு சுவிட்சு இந்த வீட்டில் இருப்பதே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

எட்டை இறக்கிவிட்டு மற்றதை எல்லாம் ஏற்றினார்கள். ஃப்ரீசர் உறுமத் தொடங்கியது. முவாபா கைகொட்டிச் சிரித்தாள். "எரியுது, அத்தை! பெரியப்பாவுக்குச் சொல்லுங்க!"

ரோய்டா அசையவில்லை. "எல்லாம் பழையபடி எரியணும்னாரு. எட்டு எரியலியே?"

"அது எதுக்குன்னே தெரியாது!"

"நாளைக்கு நாம கொண்டுபோற கோழியில ஒரு துண்டு குறைஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க? எண்ணிப் பாத்துத் திருப்பி அனுப்புவாங்க. அப்ப எங்க வீட்டுல ஒண்ணு குறைஞ்சா நான் திருப்பி அனுப்பக் கூடாதா? பேரு எழுதின ஏழும் பேசுது. பேரில்லாத ஒண்ணுதான் என் அண்ணன் வாயி. அது வேணாங்குது."

முவாபா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கலும்பா மட்டும் வாளியிலிருந்து எழுந்தான். "அத்தை, அந்த மரத்தடிக் குழி நேத்துத் தோண்டினதா?"



தோண்டியது அவளேதான். விருந்துக்குப் பெரிய பானைகள் ஏற்ற வெளியே அடுப்புக் குழி வேண்டும். பின்பக்கம் போதும் என்றாள் காசுபா. தெருவில் போகிறவர்களுக்குப் புகை தெரிய வேண்டாமா என்று கேட்டுக்குப் பக்கத்தில், அவகாடோ மரத்தடியில், ரோய்டா தானே மண்வெட்டி பிடித்து முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்தாள். இராத்திரி பெய்த மழை அதில் தளும்பிக்கொண்டிருந்தது.

"அப்ப நான்தான் வயரை வெட்டினேங்கிறியா? இன்னும் பொண்ணை வாங்கலை, அதுக்குள்ள அத்தை மேல பழியா?"

"பழி இல்ல, அத்தை. பாத்துடறேன். நான் குழிக்குள்ள கை வெக்கறேன். எட்டை யாரும் தொடக் கூடாதுன்னு அம்மாகிட்ட மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க."

"எல்லாம் சொல்றேன், சொல்றேன்!" ரோய்டா விருட்டென்று திரும்பி நடந்தாள். ஜன்னல் பக்கம் போகவில்லை. நேராக வீட்டுப் பின்பக்கம் போய், முக்காலியில் உட்கார்ந்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு கடலை உரிக்கத் தொடங்கினாள்.

கலும்பா அவள் சொல்லிவிட்டாள் என்றே நினைத்தான். தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினான். அடியில் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினான். கறுப்பு ரப்பர் தட்டுப்பட்டது. அதில் மண்வெட்டி பதிந்த வெட்டு, உள்ளே செம்பு தெரிந்தது.

ஜன்னலுக்குள் காசுபா மண்ணை அள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கேட். அவகாடோ மரம். மண்ணுக்குள் ஒரு கம்பி.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சுரங்கம் மூடிக் கிடந்த வருஷங்கள். சம்பளம் இல்லை. அவள் அந்த மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு, சாயங்காலத்தில் இனிப்புப் போண்டா சுட்டு விற்றாள். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து அணைந்து போகும். சில்லறை தெரியாது, எண்ணெய் தெறித்துக் கை வெந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க லாமெக் கேட்டுவரைக்கும் பள்ளம் தோண்டினான். வேலையில்லாதவன் மண்ணைக் கிண்டுகிறான் என்று தெருவே சிரித்தது. சாயங்காலம் மரத்தில் ஒரு பல்பு எரிந்தது. "இனிமே என் பொண்டாட்டி வெளிச்சத்துல உக்காந்து விப்பா" என்றான். அந்த வெளிச்சத்துக்கே கூட்டம் வந்தது. சுரங்கம் திறந்த பிறகு பெஞ்சு போயிற்று. கம்பியைக் கழற்றிவிட்டேன் என்றுதான் லாமெக் சொன்னான்.

கழற்றவில்லையா? இதுதானா அது?

அவளுக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. வெளியே யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், ஒன்றும் இல்லை. அந்தப் பல்பு இன்னொரு தடவை எரியுமா என்பது ஒன்றுதான். விரல் எட்டாவது சுவிட்சுக்குப் போயிற்று.

குழிக்குள் இருந்தவன் முதுகு நிமிர்த்தத் தலையைத் தூக்கினான்.

"அம்மா! தொடாதீங்க! கையை எடுங்க!"

காசுபா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே அவனைப் பார்த்தாள். சேறு வழியும் கையில் செம்புக் கம்பி. அவனும் அவளைப் பார்த்தான், நேருக்கு நேர். ஒரு மூச்சு நேரம்தான். அவன் முகத்தைக் குழிப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் தோளில் கிடந்த துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு ரோய்டா ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"யாருகிட்டடா பேசினே? மாமியார்கிட்டயா? நேராவா?"

"ஆமா, அத்தை."

"மூஞ்சியைப் பாத்தா?"

"பாத்துட்டேன்."

"போச்சு! மானம் போச்சு! விருந்துக்கு மொத நாள் மாமியாரை அதட்டின மாப்பிள்ளையை எந்த ஊர்லயாவது..."

முவாபா வந்து அவள் முன்னால் நின்றாள். "அத்தை. எட்டைத் தொடக் கூடாதுன்னு அம்மாகிட்ட நீங்க சொன்னீங்களா?"

ரோய்டாவின் கையில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"முவாபா" என்று உள்ளேயிருந்து காசுபா கூப்பிட்டாள். "இங்க வா. நீயும் வா, ரோய்டா."

பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் சர்க்கரைப் பெட்டி அட்டை ஒன்றில் லாமெக் எந்தெந்த வேலை என்றைக்குச் செய்தான் என்று எழுதி வைத்திருந்தான். அதன் கீழ்ப்பாதியின் மேல்தான் காசுபா அவன் படத்தை ஒட்டியிருந்தாள். அன்றைக்கு அவள் எதையும் படிக்கும் நிலையில் இல்லை. இந்த மழை ஈரத்தில் களி இளகிப் படத்தின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. காசுபா அதைக் கிழியாமல் உரித்தாள். அடியில் பென்சிலில் ஒரு வரி.

'8. கேட் விளக்கு. ஆகஸ்ட் 18. அந்தப் பிள்ளைங்க இருட்டில் நிற்க வேண்டாம்.'



முவாபா அந்தத் தேதியையே பார்த்தாள். துரத்தியது பதினைந்து. பதினெட்டாம் தேதி மரத்தில் ஒரு விளக்கு எரிந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏதோ பாட்டரி விளக்கு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தினமும் ஏழு மணிக்கு அப்பா தானே நடந்துபோய் மரத்திலிருந்த சின்ன சுவிட்சைப் போட்டுவிட்டு வருவார். காவலுக்குப் போட்ட விளக்கு, கலும்பா அந்தப் பக்கம் வரக் கூடாது என்று போட்டது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ஆறு மாதம், அந்த விளக்கைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கலும்பாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். அப்பாவிடம் சரியாகப் பேசவும் இல்லை.

"எனக்காகப் போட்டிருக்காரும்மா. நான் ஒரு நாள்கூட அங்க நிக்கலை." அவளுக்கு அழுகை பீறிட்டது. "ஒரே ஒரு நாள்கூட."

காசுபா மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "எனக்குப் போட்ட கம்பிடி அது. உனக்குக் குடுத்திருக்கான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். எப்பத்தான் சொன்னான்? எல்லாத்தையும் கம்பியாலேயே சொன்னான்."

ரோய்டா அட்டையைக் கதவிலிருந்து கழற்றினாள். இரண்டு தடவை படித்தாள். மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு வெளியே போனாள். குழிப் பக்கம் நின்று, கலும்பாவிடம் மிகவும் சாதாரணமாகச் சொன்னாள். "சீக்கிரம் சேர்த்துக் கட்டு. இருட்டறதுக்குள்ள எரியணும்."

வெட்டுப்பட்ட இடத்தை நறுக்கி எடுத்துவிட்டு, புதுத் துண்டு சேர்த்து, இணைப்பைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் மரத்தில் பெட்டி வைத்துக் கட்டினான் கலும்பா. புது பல்பு மாட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மரத்துச் சின்ன சுவிட்சைப் போட்டான். பிறகு வாளியில், மரத்தைப் பார்த்து, முறைப்படி உட்கார்ந்தான்.

"அத்தை, இப்ப எட்டை ஏத்தலாம்னு சொல்லுங்க."

"அண்ணி, எட்டை ஏத்தலாமாம்" என்றாள் ரோய்டா. இந்தத் தடவை ஒரு சொல் விடாமல், உரக்க.

காசுபா ஏற்றினாள். பெரியது விழவில்லை. மரத்தில் பல்பு எரிந்தது.

மழைக்கு மறுநாள் விளக்கெரிந்தால் ஈசலுக்குக் கேட்கவா வேண்டும்? பத்து நிமிஷத்தில் மரத்தடி முழுக்கச் சிறகாக இருந்தது. விளக்கின் கீழே ரோய்டா ஒரு பேசினில் தண்ணீர் வைத்தாள். வறுத்த ஈசல் என்றால் லாமெக் சோற்றைக்கூட மறந்துவிடுவான். காசுபா வராந்தாவில் துணியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு இன்னொரு பேசினோடு உட்கார்ந்தாள். கலும்பா தெருவைப் பார்த்து நின்றான். முவாபா போய் அவன் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில், நின்றாள். மூன்று வருஷம் தாமதமாக.

அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு மக்காச்சோள லாரி நின்றது. அதிலிருந்து தோள் பையோடு இறங்கினார் கொஸ்மஸ் பெரியப்பா. நாளைக் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது. ஜோடியாக நின்றவர்களைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"யாரு போட்ட விளக்கு இது?"

காலையிலிருந்து என் அண்ணன் வேண்டாம் என்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த ரோய்டா இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

"உங்க தம்பி போட்டது. இருட்டுல நிக்க வேணாம்னு போட்டது. படிச்சுப் பாருங்க."

கொஸ்மஸ் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். வெகுநேரம் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை.

"இது சரி. என் தம்பி சரின்னுட்டான். ஆனா இவன் மாமியார் மூஞ்சியைப் பாத்து அதட்டினானாமே? நான் வழியில இருக்கும்போதே பக்கத்து வீட்டுலேருந்து ஃபோன் வந்துடுச்சு. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

கலும்பா தலை குனிந்தான்.

வராந்தாவில், பேசினிலிருந்து தலையை நிமிர்த்தாமல், காசுபாதான் பேசினாள்.

"அவன் அதட்டலேன்னா என் கையாலயே அவனைக் கொன்னிருப்பேன், பெரியவரே. இப்ப உக்காந்து ஈசல் பொறுக்கறேன். அதான் பதில்."

கொஸ்மஸ் அவளைப் பார்த்தார், பிறகு அந்தப் பையனைப் பார்த்தார். கேட் திறந்துதான் இருந்தது. அவர் இன்னும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். மீதி அடுத்த வாரம்.